விவசாயக் கிணற்றின் சுவரும் மண்ணினது அமுக்கமும்

வரண்ட வலயத்திலே பெரும்போக மழை ஓய்ந்த பின்னர் வெங்காயம், மிளகாய், கத்தரி முதலிய பயிர்களைச் செய்கை பண்ணுங் கமக்காரருக்குக் கிணறே உயிர்நாடியாகும். குளத்து நீர் வயலுக்குப் போதாத சிறுபோகங்களிலே நெற்செய்கையாளரும் கிணற்றை நாடுகின்றனர். 1989 ஆம் ஆண்டில் விவசாய அபிவிருத்தி அதிகாரசபையின் மானியத் திட்டம் தொடங்கப்பட்டதன் பின்னர், வடமத்திய மாகாணத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் அகன்ற விவசாயக் கிணறுகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டன. இக்கிணறுகள் பெரும்பாலும் 15 முதல் 20 அடி வரை விட்டமும், 20 முதல் 30 அடி வரை ஆழமும் உடையவை.

இவற்றுட் பல நீண்டகாலம் பயன் தருகின்றன. சில, கட்டி முடிந்த முதன் மாரியிலேயே சுவர் வெடித்து உள்ளே விழுகின்றன. வேறு சில, வெட்டிக்கொண்டிருக்கும்பொழுதே சரிந்து, உள்ளே நின்றோரை மூடிவிடுகின்றன. இவ்வழிவுகள் விதியினால் நேர்வனவல்ல. மண்ணும் நீரும் சுவரை எவ்வாறு அமுக்குகின்றன என்பதை அறியாமையினாலேயே இவற்றுட் பல நேர்கின்றன. அதனை அறிந்துகொண்டால், எத்தகைய சுவர் நிலைக்கும், எத்தகைய சுவர் விழும் என்பதைக் கமக்காரர் தாமே ஓரளவு துணிந்து கூறலாம்.

மண்ணின் பாரம்

ஈரமுள்ள மண் ஒரு கன அடி ஏறக்குறைய 50 கிலோகிராம் நிறையுடையது. அஃதாவது, ஒரு கன அடி மண்ணைத் தூக்குவது ஒரு மூடை சீமெந்தைத் தூக்குவதற்குச் சமம். கிணற்றுப் பள்ளத்தின் பக்கத்திலிருந்து 6 அடி நீளமும், 5 அடி உயரமும், 2 அடி தடிப்புமுடைய ஒரு துண்டு மண் சரியுமாயின், அதில் 60 கன அடி மண் இருக்கும். அறுபது மூடை சீமெந்து ஒரே கணத்தில் ஒருவர் மேல் விழுவதற்கு அது ஒப்பாகும். நெஞ்சளவுக்கு மண்ணில் புதைந்தவர், தலை வெளியே இருந்தாலுங்கூட, மூச்சை உள்ளிழுக்க இயலாது மாண்டுபோகக்கூடும். மண் சரிவதற்கு இரண்டொரு விநாடிகளே போதும். ஏணியில் ஏறித் தப்புவதற்கு நேரம் இராது. எனவே 4 அடிக்கு மேல் ஆழமான பள்ளத்துள், பக்கங்கள் சரிவாக வெட்டப்பட்டோ அன்றி முட்டுக்கொடுக்கப்பட்டோ இல்லாவிடின், எவரும் இறங்கலாகாது என்பது முதல் விதியாகக் கொள்ளத்தக்கது.

மண் சுவரை அமுக்கும் விதம்

உலர்ந்த மணலை நிலத்திற் குவித்தால், அது ஒரு குறித்த சரிவில் நின்றுவிடும். அச்சரிவு கிடைநிலத்தோடு ஆக்கும் கோணம் மணலுக்கு ஏறக்குறைய 30 பாகையாகும். அதனிலும் செங்குத்தாக மணலை நிறுத்த வேண்டுமாயின், ஏதேனுமொரு சுவர் அதனைத் தாங்குதல் வேண்டும். அவ்வாறு மண்ணைத் தாங்கி நிற்குஞ் சுவரே தாங்கு சுவர் எனப்படும். கிணற்றின் சுவரும் ஒரு தாங்கு சுவரேயாம்.

தாங்கு சுவரை மண் எவ்வளவு விசையோடு தள்ளுகின்றது என்பதை முதன்முதலாகக் கணக்கிட்டுக் கூறியோருள் பிரான்சிய நாட்டுப் பொறியியலாளர் கூலோம் ஒருவர். அவரது கட்டுரை 1776 இல் வெளியாயிற்று. பின்னர் 1857 இல் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றாங்கின் என்பார் அதனை எளிய விதியாக அமைத்தார். அவ்விதியின்படி, 30 பாகையிற் சரிந்து நிற்கும் மணற்பாங்கான மண், தான் கீழ்நோக்கி அமுக்கும் அமுக்கத்தின் மூன்றிலொரு பங்கினாற் பக்கமாகத் தள்ளும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். 12 அடி ஆழத்தில் ஒரு சதுர அடி நிலத்தின் மேல் 12 கன அடி மண், அஃதாவது 600 கிலோகிராம் பாரம் நிற்கின்றது. அதன் மூன்றிலொரு பங்காகிய 200 கிலோகிராம், அவ்வாழத்திற் சுவரின் ஒவ்வொரு சதுர அடியையும் பக்கமாகத் தள்ளும். 6 அடி ஆழத்தில் இவ்வமுக்கம் 100 கிலோகிராமாகும். மேற்பரப்பில் யாதுமில்லை.

ஆழம் இரு மடங்கானால் அடியிலுள்ள அமுக்கம் இரு மடங்காகும். ஆனால் சுவர் முழுவதையுந் தள்ளும் மொத்த விசையோ நான்கு மடங்காகும். 6 அடி உயரமான சுவரின் ஒவ்வோர் அடி நீளத்தையும் தள்ளும் விசை 300 கிலோகிராம். 12 அடி உயரமான சுவரிலோ 1,200 கிலோகிராம். நேரான சுவரைப் புரட்டும் வலிமை எட்டு மடங்காகும். ஆறு அடி ஆழத்தில் அசையாது நின்ற கட்டு, பன்னிரண்டு அடி ஆழத்தில் விழுவதற்குக் காரணம் இதுவேயாம். முன்னர் வெட்டிய கிணற்றை ஆழமாக்க விரும்புவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

களிமண் தரும் மயக்கம்

செங்கபில மண்ணிலும் களிமண்ணிலும் வெட்டிய பள்ளம் பலநாட் செங்குத்தாக நிற்பதைக் கமக்காரர் கண்டிருப்பர். மண்ணின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். இவ்வொட்டும் தன்மை நிலையானதன்று. வெயிலிற் காய்ந்தால் மண் சுருங்கி வெடிக்கும். மழையில் நனைந்தால் இளகும். காய்ந்து வெடித்த வெடிப்பினுள் மழைநீர் இறங்குமாயின், அந்நீரே ஆப்புப் போன்று மண் துண்டைப் பிளந்து உள்ளே தள்ளும். ஆகவே நேற்று நின்ற மண் இன்றும் நிற்கும் என்று எண்ணுதல் தவறாகும். களிமண் பள்ளம் நிற்பது ஒரு தவணையே. அத்தவணைக்குள் சுவரைக் கட்டி முடித்தல் வேண்டும்.

இக்காலத்தில் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டு கிணற்றை விரைவில் வெட்டிவிடுகின்றனர். வெட்டும்பொழுது உள்ளே ஆள் நில்லாமையால் அது பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆயின் வெட்டி முடிந்தபின் மேசனும் உதவியாளரும் அச்செங்குத்துப் பள்ளத்தின் அடியில் இறங்கியே சுவர் கட்டத் தொடங்குகின்றனர். கல்லும் மணலும் வந்துசேரும் வரை பள்ளம் வாரக்கணக்கில் திறந்து கிடப்பதுமுண்டு. கட்டுதற்குரிய பொருள்கள் யாவும் இடத்துக்கு வந்துசேர்ந்த பின்னரே இயந்திரத்தை அழைத்தல் வேண்டும்.

நீரே பெரும் பகை

சுவர்கள் விழுவதற்கு மண்ணைக் காட்டிலும் நீரே அடிக்கடி காரணமாகின்றது. மண் தன் பாரத்தின் மூன்றிலொரு பங்கினால் மாத்திரமே பக்கமாகத் தள்ளும். நீரோ எல்லாப் பக்கமும் ஒரே அளவினால் தள்ளும். ஒரு கன அடி நீர் ஏறக்குறைய 28 கிலோகிராம் நிறையுடையது.

மேலே கூறிய 12 அடி ஆழமான சுவரை மீண்டும் எடுத்துக்கொள்வோமாக. மாரியில் நிலம் மேற்பரப்பு வரை நீரால் நிரம்பியுள்ளது எனக் கொண்டால், நீரில் அமிழ்ந்த மண் தன் பாரத்திற் பெரும்பகுதியை இழந்து, ஏறக்குறைய 108 கிலோகிராம் அமுக்கத்தையே தரும். ஆனால் நீர் தானாகவே 336 கிலோகிராம் அமுக்கத்தைத் தரும். இரண்டுஞ் சேர்ந்து ஒரு சதுர அடிக்கு 444 கிலோகிராமாகின்றன. கோடையில் 200 கிலோகிராமைத் தாங்கிய சுவர், மாரியில் அதனிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கத்தைத் தாங்கவேண்டியதாகின்றது.

கிணற்றினுள்ளும் நீர் அதே மட்டத்தில் நிற்குமாயின், உள்நீரும் வெளிநீரும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். அப்போது சுவருக்கு இடரில்லை. கிணற்று நீரை நீரிறைக்கும் இயந்திரத்தினால் விரைவாக இறைத்துவிட்டால், உள்ளே நீர் இறங்கியிருக்கும். சுவருக்குப் பின்னேயுள்ள நீர் இறங்கியிராது. அவ்வேளையிலேதான் சுவர் முழு அமுக்கத்தையுந் தாங்குகின்றது. பெருமழைக்குப் பின்னர் கிணற்றைத் துப்புரவு செய்யும் நோக்கத்தோடு ஒரே மூச்சில் நீரை இறைத்து, அடியிலே சேறு அள்ள ஆட்களை இறக்குதல் மிகவும் அபாயமானது. மாரியில் கிணற்றை இறைக்க வேண்டுமாயின், சிறிது சிறிதாக, இடையிடையே நிறுத்தி, பின்புற நீரும் வடிந்துவர இடங்கொடுத்து இறைத்தல் வேண்டும்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் யாதெனில், நீரை எதிர்த்து நிற்கும் சுவரைக் கட்டுவதிலும், நீருக்கு வழிவிடும் சுவரைக் கட்டுவதே சிறந்தது என்பதாம். கிணற்றுக்கு நீர் வரவேண்டியதும் அவ்வழியாகவேயன்றோ?

வட்ட வடிவின் வலிமை

நேராக நிற்கும் தாங்கு சுவர் தன் பாரத்தினாலேயே மண்ணை எதிர்க்கின்றது. 12 அடி உயரமான நேர்ச்சுவரைக் கருங்கல்லினாற் கட்டுவதாயின், அதன் அடி 6 அடியோ அதற்கு மேலோ அகலமாக இருத்தல் வேண்டும். அதே ஆழத்திற் கிணற்றுச் சுவர் 9 அங்குலத் தடிப்புடன் நிற்பது எவ்வாறு? அது வட்டமாக இருப்பதனாலாகும்.

மண் வட்டச் சுவரை எல்லாப் பக்கத்திலிருந்தும் உள்நோக்கித் தள்ளும்பொழுது, ஒவ்வொரு கல்லும் தன் இருபக்கத்துக் கற்களையும் நெருக்குகின்றது. வாயில் வளைவிலுள்ள கற்கள் ஒன்றையொன்று நெருக்கி மேற்பாரத்தைத் தாங்குவது போன்றதே இதுவும். செங்கல்லும் கருங்கல்லும் நெருக்கலை நன்கு தாங்கும். இழுவையையும் வளைவையும் தாங்கமாட்டா.

நெருக்கலின் அளவை அறிய, அமுக்கத்தைக் கிணற்றின் அரைவிட்டத்தாற் பெருக்குதல் வேண்டும். 12 அடி விட்டமுள்ள கிணற்றின் அரைவிட்டம் 6 அடி. அமுக்கம் 444 கிலோகிராமாயின், ஓர் அடி உயரமான சுவர் வளையத்திலுள்ள நெருக்கல் ஏறக்குறைய 2,660 கிலோகிராமாகும். 9 அங்குலத் தடிப்பான சுவரில் இது ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 25 கிலோகிராமாக அமையும். நன்கு சுட்ட செங்கல்லினாற் சீமெந்துச் சாந்திற் கட்டிய சுவர் இதனைத் தாங்கும். ஒடுங்கிய வட்டப் பள்ளத்தைச் சூழ்ந்த மண் தானும் ஓரளவுக்கு வளைவு போன்று நின்று உதவுவதால், உண்மையான அமுக்கம் இக்கணக்கிலுங் குறைவாகவே இருக்கும்.

இக்கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும்.

1. விட்டம் இரு மடங்கானால் நெருக்கலும் இரு மடங்காகும். எனவே அகன்ற கிணற்றுக்குத் தடித்த சுவர் வேண்டும்.

2. சதுரமான கிணற்றின் சுவர் வளைந்து வெடிக்கும். மண்ணிலே சதுரக் கிணறு கட்டுதல் தகாது.

3. வட்டத்தின் வலிமை எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அமுக்கம் இருக்கும்பொழுதே நிலைக்கும். ஒரு பக்கத்திற் பின்புறம் வெறுமையாக இருந்தாலோ, ஒரு பக்கத்தில் மாத்திரம் மண்மேடோ உழவு இயந்திரமோ நின்றாலோ, வட்டம் நெளியும். நெளிந்த வட்டம் வட்டமன்று, அது விழும்.

வெட்டும் காலமும் ஆயத்தமும்

ஆவணி, புரட்டாதி மாதங்களே கிணறு வெட்டுதற்கு உகந்தவை. நிலத்தடி நீர் அப்போதே மிகத் தாழ்ந்து நிற்பதால், அந்நாளிற் காணும் ஊற்றே கடுங்கோடையிலும் நிலைக்கும் ஊற்றாகும். மண்ணும் அமுக்கங் குறைந்து நிற்கும். ஐப்பசி மழை தொடங்குமுன் சுவர் நிலமட்டத்துக்கு வந்துவிடல் வேண்டும். அதற்குள் முடிக்க இயலாதெனக் கண்டால், அவ்வாண்டு வெட்டத் தொடங்காதிருப்பதே மேல்.

வெட்டியெடுத்த மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிற் குவித்தல் கூடாது. பள்ளத்தின் ஆழத்துக்குச் சமமான தூரத்திற்கு அப்பாற் கொட்டுதல் நன்று. எக்காரணங் கொண்டும் 3 அடிக்குக் கிட்டக் கொட்டலாகாது. கல், மணல், சீமெந்து முதலியவற்றுக்கும் இதுவே விதி. மழைநீர் பள்ளத்துள் இறங்காதபடி சுற்றிலும் சிறு வரம்பு கட்டி, நீரை வேறு பக்கமாகத் திருப்புதல் வேண்டும். பள்ளத்துள் எப்பொழுதும் ஓர் ஏணி நிற்றல் வேண்டும். மேலே ஒருவர் வேறு வேலையின்றி விளிம்பைக் கவனித்துக்கொண்டு நிற்றலும் வேண்டும்.

மண்ணுக்கேற்ற வெட்டு முறைகள்

(அ) செங்கபில மண்: இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கடும்பாறையின் மேலமைந்தது. இப்பகுதிகளில் மேலே மண்ணும், அதன்கீழ் உக்கிய பாறையும், அதற்குங் கீழே உறுதியான பாறையும் காணப்படும். நீர் பெரும்பாலும் உக்கிய பாறைப் படையிலேயே தங்கும். இங்கு மேல்மண்ணைச் சரிவாகவோ படிப்படியாகவோ வெட்டுதல் வேண்டும். உறுதியான களிமண்ணில் ஓரடி ஆழத்துக்கு முக்காலடி வீதமும், இளகிய மண்ணில் ஓரடிக்கு ஒன்றரை அடி வீதமும் பக்கங்களை வெளியே சரிய விடலாம். இதனால் வெட்டவேண்டிய மண் அதிகமாகும். ஆனால் உயிருக்கு இடரில்லை. உறுதியான பாறையைக் கண்டதும் அதனைத் துப்புரவாக்கி, அதன்மேற் சுவரை எழுப்பலாம். பாறையைப் பிளக்க வெடிமருந்து வேண்டுமாயின், உத்தரவுப் பத்திரம் பெற்றவரைக் கொண்டே அவ்வேலையைச் செய்வித்தல் வேண்டும்.

(ஆ) யாழ்ப்பாணக் குடாநாட்டுச் செம்மண்: இங்கு மண் படை பல இடங்களில் ஆழங் குறைந்தது, அதன்கீழ்ச் சுண்ணக்கல் உள்ளது. சுண்ணக்கல் பெரும்பாலும் தானே நிற்குமாதலால், மேல்மண்ணுக்கு மாத்திரம் சுவர் போதும். சுவரைச் சுண்ணக்கல்லின் விளிம்பில் வைக்காது, ஓரடியாவது பின்தள்ளி, உறுதியான கல்லின்மேல் வைத்தல் வேண்டும். பொந்துகளும் வெடிப்புகளும் உள்ள கல்லை அலவாங்கினால் தட்டிப் பார்த்து, ஆடுவனவற்றை முதலில் அகற்றிவிடல் வேண்டும்.

(இ) மணல் நிலம்: மட்டக்களப்பின் கரையோரம், கற்பிட்டி, மன்னார்த் தீவு முதலிய மணற் பகுதிகளிற் செங்குத்தாக வெட்டுதல் இயலாது. இங்கு சுவரை முதலிற் கட்டிப் பின்னர் இறக்கும் முறையே ஏற்றது. நிலத்தை மட்டமாக்கி, அடிப்பக்கம் கூராக அமைந்த கொங்கிறீற்று அடிவளையத்தை வைத்து, அதன்மேல் 4 அல்லது 5 அடி உயரத்துக்குச் சுவரெழுப்பி, வெளிப்புறத்தை வழுவழுப்பாகப் பூசுதல் வேண்டும். சாந்து இறுகிய பின்னர் உள்ளே நடுவிலிருந்து சுற்றிவரச் சமமாக மணலை அள்ள, வளையம் தன் பாரத்தினாலேயே கீழிறங்கும். இறங்க இறங்க மேலே கட்டிக்கொண்டு செல்லலாம். தூக்குக் குண்டினால் அடிக்கடி நேர் பார்த்தல் வேண்டும். வளையம் சாய்ந்தால், உயர்ந்து நிற்கும் பக்கத்தில் மணலை அள்ளி அதனை நேராக்கலாம். ஆயத்தமாக வார்க்கப்பட்ட கொங்கிறீற்று வளையங்களையும் இவ்வாறே இறக்கலாம்.

நீர்மட்டத்துக்குக் கீழே மணலை அள்ளும்பொழுது உள்நீரை முற்றாக இறைக்கலாகாது. அவ்வாறு இறைத்தால் வெளிநீர் அடியினூடாக மேலெழுந்து, மணல் கொதிப்பது போன்று பொங்கும். வெளியிலுள்ள மணல் உள்ளே வந்துசேர, சுற்றிலுமுள்ள நிலம் உட்கார்ந்துவிடும். நீர் நிற்கவிட்டே மணலை அள்ளி, இறுதியில் அடியில் ஓரடித் தடிப்புக்குப் பரற்கல் இடுதல் வேண்டும்.

சுவர் கட்டும் முறை

சுவரின் அடி, பாறையிலோ உறுதியான நிலத்திலோ இருத்தல் வேண்டும். நிலம் அத்துணை உறுதியற்றதாயின், கம்பியிட்ட கொங்கிறீற்று வளையத்தை அடியாக இட்டு, அதன்மேற் கட்டலாம். சாந்துக்கு ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு மணல் போதுமானது. ஒவ்வொரு 4 அல்லது 5 அடி உயரத்துக்கும் கம்பியிட்ட கொங்கிறீற்றுப் பட்டியொன்றைச் சுற்றிவர இடுதல், வட்டம் நெளியாது காக்கும்.

நீர் வருதற்கெனச் செங்கற்களுக்கிடையேயுள்ள நிலைக்குத்து இணைப்புக்களைச் சாந்தின்றி விடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது தவறாகும். வட்டத்தின் நெருக்கல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அவ்விணைப்புக்களினூடாகவே செல்லுகின்றது. அவை வெறுமையாயின், வட்டத்தின் வலிமை கெடும். அதற்குப் பதிலாக, இணைப்புக்களை நன்கு நிரப்பி, 2 அல்லது 3 அங்குலக் குழாய்த் துண்டுகளைக் கசிவுத் துளைகளாக வைத்தல் வேண்டும். இவை பக்கவாட்டில் 3 அடிக்கு ஒன்றும், மேல் கீழாக 2 அடிக்கு ஒரு வரிசையுமாக, ஒன்றின்மேலொன்று வாராது மாறி மாறி அமைதல் நன்று. நிலமட்டத்திலிருந்து 6 அடி வரை துளை வைக்கலாகாது. அவ்வழியே மேற்பரப்பின் அழுக்குநீர் கிணற்றுள் வரும்.

சுவருக்கும் மண்ணுக்கும் இடையே 6 முதல் 9 அங்குலம் வரை பரற்கல்லும் கருமணலும் நிரப்புதல் இன்றியமையாதது. இவ்வடிபடை நீரை விட்டு மண்ணைத் தடுக்கும். இது இல்லாவிடின், கசிவுத் துளைகளினூடாக மண்ணும் நீரோடு சேர்ந்து வந்துவிட, சுவரின் பின்னே வெறுமை உண்டாகும்.

சாந்து இறுகுவதற்கு ஏழு நாட்களாவது விட்ட பின்னரே பின்புறத்தை நிரப்புதல் வேண்டும். நிரப்பும்பொழுது ஓரடித் தடிப்பான படைகளாகச் சுற்றிவர ஒரே மட்டத்தில் நிரப்பி, மெதுவாக இடித்து இறுக்குதல் வேண்டும். ஒரு பக்கத்தை முற்றாக நிரப்பிவிட்டு மறுபக்கத்துக்குச் செல்லுதல், புதிய சுவரை நெளியச் செய்யும். இயந்திரத்தினால் மண்ணை ஒரே பக்கத்தில் தள்ளி மூடுதல் அதனினுங் கேடானது.

சுவரை நிலமட்டத்துக்கு மேல் 3 அடியாவது உயர்த்திக் கட்டுதல் வேண்டும். கட்டு இல்லாத கிணறுகளில் சிறுவரும், கால்நடைகளும், யானைகளும் விழுந்து இறப்பது வரண்ட வலயத்தில் நேர்ந்துவருவதாகும்.

ஒடுங்கிய நீள் அகழிகள்

குழாய் தாழ்த்துதற்கும், வடிகால் அமைத்தற்கும், வரம்பினூடாக மடை வைத்தற்கும் நீண்ட ஒடுங்கிய அகழிகள் வெட்டப்படுகின்றன. இவற்றின் பக்கங்கள் நேரானவையாதலால் வட்டத்தின் வலிமை இவற்றுக்கில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மறுபக்கத்தைக் கொண்டே தாங்குதற்கு ஒடுக்கம் இடந்தருகின்றது.

இரு பக்கமும் மண்ணை ஒட்டிப் பலகைகளை நிலைக்குத்தாக நிறுத்தி, அவற்றுக்குக் குறுக்கே பனஞ்சலாகை போன்ற வலிய மரங்களைக் கிடையாக வைத்து, அக்கிடைமரங்களுக்கிடையே 4 அல்லது 5 அங்குலத் தடிப்பான உருளை மரங்களை முட்டாகக் கொடுத்து, ஆப்பினால் இறுக்குதல் வேண்டும். முட்டுக்கள் நீளவாட்டில் 5 அடிக்கும், மேல்கீழாக 4 அடிக்கும் மேற்பட்ட இடைவெளியில் இருத்தலாகாது. முட்டுக்களை மேலிருந்து கீழாக இடுதல் வேண்டும். கழற்றும்பொழுது கீழிருந்து மேலாக, மண்ணை நிரப்பிக்கொண்டே கழற்றுதல் வேண்டும். இம்முறை 8 அடி ஆழம் வரைக்குமே பொருந்தும். அதற்கு மேற்பட்ட அகழிக்குப் பொறியியலாளரின் ஆலோசனை வேண்டும்.

அபாய அறிகுறிகள்

பின்வருவனவற்றுள் ஒன்று தோன்றினாலும், ஆயுதங்களை அவ்விடத்திலேயே விட்டுவிட்டு, உடனே வெளியேறுதல் வேண்டும்.

1. பள்ளத்தின் விளிம்புக்குச் சமாந்தரமாக நிலத்தில் வெடிப்புத் தோன்றுதல்.

2. பக்கத்திலிருந்து சிறு மண்கட்டிகள் ஓயாது உதிர்தல்.

3. பக்கத்தின் அடிப்பகுதி உள்நோக்கிப் புடைத்தல்.

4. உலர்ந்திருந்த பக்கத்தில் புதிதாக நீர் கசிதல்.

5. முட்டு மரங்கள் வளைதல் அல்லது சத்தமிடுதல்.

மண் சரிந்து ஒருவர் அகப்பட்டால், மற்றவர்கள் உடனே உள்ளே குதித்தலாகாது. முதற் சரிவின் பின் இரண்டாஞ் சரிவு நேர்வது வழக்கம். முதலிற் பலகைகளை இட்டுப் பக்கங்களை முட்டுக்கொடுத்து, பின்னரே இறங்கி, கைகளினாலும் சிறு பாத்திரங்களினாலும் மண்ணை அகற்றுதல் வேண்டும். பெக்கோ இயந்திரத்தை விளிம்புக்குக் கொண்டுவருதல், அகப்பட்டவர் மேல் மீண்டும் மண்ணை வீழ்த்தும்.

பெற்றோல், மண்ணெய், டீசல் ஆகியவற்றால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி ஓடவிடுதலும் உயிர்க்கேடானது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. உள்ளே நிற்பவரை அறியாமலே மயக்கிக் கொல்லும்.

கிணற்றைப் பேணுதல்

கட்டி முடித்த கிணற்றை ஆண்டுதோறும் மாரிக்கு முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தல் வேண்டும். கசிவுத் துளைகளிலிருந்து தெளிந்த நீர் வருவது நல்ல அறிகுறி. கலங்கிய நீர் இடைவிடாது வருமாயின், சுவரின் பின்னுள்ள மண் கரைகின்றது என அறிதல் வேண்டும். கிணற்றைச் சுற்றி நிலம் தாழ்ந்தால், அவ்விடத்தைப் பரற்கல்லினால் நிரப்பி, மேலே களிமண்ணிட்டு இறுக்குதல் வேண்டும். அடைபட்ட துளைகளைக் கம்பியினாற் குத்தித் திறந்துவிடலாம். சுவரில் நிலைக்குத்தான வெடிப்புத் தோன்றினால் வட்டம் நெளியத் தொடங்கிவிட்டது என்பது பொருள். அதனைச் சாந்தினாற் பூசி மறைத்தல் பயனற்றது. நெளிவின் காரணத்தைக் கண்டு நீக்குதல் வேண்டும். அதுவரை கிணற்றினுள் எவரும் இறங்கலாகாது.

பழைய கிணற்றை ஆழமாக்கும்பொழுது, நிற்கும் சுவரின் அடியைச் சுற்றிவர ஒரே முறையில் தோண்டுதல் சுவரைத் தாங்குவாரின்றி விடுவதாகும். சுவரிலிருந்து இரண்டு அல்லது மூன்று அடி உள்ளே தள்ளி, சிறிய விட்டத்தில் ஆழமாக்கி, அதற்கு வேறாக வளையமிடுதல் பொருத்தமானது.

கருத்திற் கொள்ளத்தக்கவை

வட்டமாக வெட்டுதல், பக்கங்களைத் தாங்காது ஆழத்தில் இறங்காமை, பின்புறத்தைச் சுற்றிவரச் சமமாக நிரப்புதல், நீருக்கு வழிவிடுதல் ஆகிய நான்குமே கிணற்றுச் சுவரின் நிலைபேற்றுக்கு ஆதாரமானவை. இவற்றுள் எதுவும் பெருஞ் செலவை வேண்டுவதன்று. கசிவுக் குழாய்க்கும் பரற்கல்லுக்கும் ஆகும் செலவு, விழுந்த சுவரை எடுத்து மீளக் கட்டுவதற்காகும் செலவிற் சிறு பங்கே. இழந்த உயிருக்கோ ஈடேயில்லை. கிணறு வெட்ட எண்ணுங் கமக்காரர், இடத்தைத் தெரிவு செய்யுமுன்னரே தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், கமநல சேவை நிலையத்தையும் அணுகி, மண்ணின் தன்மையையும் அயற்கிணறுகளின் ஆழத்தையும் கேட்டறிந்து தொடங்குவாராயின், வெட்டிய கிணறு மக்கள் காலத்துக்கும் பயன் தருவதாக நிலைத்து நிற்கும்.